மார்க்கிங் ப்ளூ புட்டிக்குப் பொறுப்பு யார்?

பளபளக்கும் இரும்புத் தகட்டில் ஸ்க்ரைபரால் கோடு கிழித்தால், அது கண்ணில் படாது. வெளிச்சம் படும் பக்கமெல்லாம் மின்னும்போது கீறல் எது, மினுப்பு எது என்று எப்படிப் பிரிப்பது? அதனால்தான் ஃபிட்டர்கள் முதலில் தகட்டின் மேல் நீலத்தைப் பூசிக் காயவிடுகிறார்கள். காய்ந்த படலத்தைக் கீறினால் உலோகம் வெள்ளைக் கோடாக எழும். அரமும் ரம்பமும் ட்ரில்லும் அந்தக் கோட்டை நம்பித்தான் இறங்குகின்றன. பட்டறைகளில் இதை மார்க்கிங் ப்ளூ என்பார்கள், மார்க்கிங் இங்க் என்றும் சொல்வார்கள்.

கார் ஷெட்டிலும் மொட்டை மாடி அறையிலும் சின்ன லேத்தை வைத்துக்கொண்டு நீராவி எஞ்சின் மாதிரி, கத்தி, கடிகார உதிரி என்று செய்துபார்க்கும் பொழுதுபோக்குக்காரர்களுக்கும் இது வேண்டியிருக்கிறது. கொஞ்சம் ஸ்பிரிட், கொஞ்சம் ஷெல்லாக், ஒரு சிட்டிகை சாயம், இதற்குப் போய்க் காசு கொடுத்து வாங்குவதா என்று அவர்களில் பலர் நினைக்கிறார்கள். செலவுக் கணக்கு மட்டும் என்றால் அது நியாயம்தான். ஆனால் கண்ணில் தெறித்தால் யாரிடம் போவது, தீப்பிடித்தால் யாரைக் கேட்பது, குழந்தை குடித்துவிட்டால் மருத்துவரிடம் என்னவென்று சொல்வது என்ற கணக்கும் இதில் சேர்ந்திருக்கிறது.

ஐடிஐ பாடநூல்களை வெளியிடும் கிண்டி ‘நிமி’ நிறுவனத்தின் ஃபிட்டர் பாடம் இந்தப் பூச்சுகளை நான்காகச் சொல்லும்: சுண்ணக்கட்டித் தூளை நீரில் கரைத்த வெள்ளைப் பூச்சு, பிரஷ்யன் ப்ளூ, மயில்துத்தக் கரைசல், செல்லுலோஸ் லாக்கர். இவற்றில் வெள்ளைப் பூச்சை வீட்டிலேயே தாராளமாகச் செய்யலாம். வார்ப்பு, அடித்த இரும்பு போன்ற சொரசொரப்பான பரப்புக்கு அது போதும். நுணுக்கமான வேலைக்கு ஆகாது, ஆனால் ஆபத்தும் இல்லை. மயில்துத்தத்தை அப்படி விட்டுவிட முடியாது.

மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், தோட்டக்காரர்களுக்குப் பழகிய பொருள். போர்டோ கலவைக்காக உரக்கடையில் வாங்குவார்கள். அதை நீரில் கரைத்து, சில சொட்டு அமிலம் விட்டு இரும்பில் தடவினால், இரும்பு கொஞ்சம் கரைந்து அந்த இடத்தில் செம்பு படியும். எண்ணெய் பட்டாலும் அழியாத செம்பு நிறத்தில் கோடு அழகாகத் தெரியும். இரும்புக்கு மட்டுமே இது உதவும்; பித்தளையிலும் செம்பிலும் படியாது. காயாத கரைசல் காலிப்பரிலோ ஸ்கேலிலோ பட்டால் அவற்றின் மேலும் செம்பு ஏறித் துருவுக்கு வழிவிடும்.

கருவி கெடுவது சின்னப் பிரச்சினை. காப்பர் சல்பேட் கண்ணில் பட்டால் கடுமையான காயம் உண்டாகும். வயிற்றுக்குள் போனால் வாந்தி, வயிற்றெரிச்சலோடு நிற்காது; ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். நீல நிறத்தில் தெளிவாக இருக்கும் இந்தக் கரைசலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. குழந்தைக்கு அது சர்பத். கூட நைட்ரிக் அமிலம் வேண்டும் என்றால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. அமில வீச்சு வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, அமிலம் விற்கும் கடைக்காரர் வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதவேண்டும். புகைப்பட அடையாள அட்டை பார்க்கவேண்டும், 18 வயது நிரம்பாதவருக்குத் தரக்கூடாது. ஒரு கேள்வியும் கேட்காமல் அமிலத்தை எடுத்துக் கொடுக்கும் கடை உங்களுக்கு வசதியான கடை அல்ல, சட்டத்தை மீறும் கடை.

அடுத்தது ஸ்பிரிட் கலவை. ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, மெத்தில் வயலட் அல்லது ஜென்ஷியன் வயலட் சேர்ப்பது பழைய கைமுறை. வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. தச்சர்கள் மரத்துக்கு அடிக்கும் பிரெஞ்சு பாலிஷில் சாயம் கலந்தால் கிடைப்பதும் கிட்டத்தட்ட இதுதான். சிக்கல் ‘ஸ்பிரிட்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. சர்ஜிக்கல் ஸ்பிரிட், டீநேச்சர்டு ஸ்பிரிட், மெத்தனால், தின்னர் எல்லாமே பேச்சில் ஸ்பிரிட்தான். கேனிலிருந்து ஊற்றித் தரும்போது எது வந்தது என்று நிறத்தையும் வாசனையையும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

மெத்தனால் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பார்த்தது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே அதைக் குடித்தார்கள், நாம் தகட்டில் பூசுகிறோம் என்று ஆறுதல் அடைய வேண்டாம். மெத்தனால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். அறிகுறிகள் வெளியே தெரியப் பல மணி நேரம் ஆகலாம். காற்றோட்டமில்லாத அறையில் நாள் முழுக்க வெறுங்கையோடு இதைக் கையாளுவது முட்டாள்தனம் என்பதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தீ இன்னொரு பக்கம். மெத்தனாலின் ஆவி ஏறக்குறைய 11 டிகிரி செல்சியஸிலேயே தீப்பொறிக்குப் பற்றும்; எத்தனாலும் ஐசோபுரோப்பைலும் அதற்குப் பக்கத்தில்தான். நம் ஊரில் மார்கழி விடியலிலும் அதைவிடச் சூடு அதிகம். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் எங்கோ ஓடும் கிரைண்டரின் பொறியைத் தேடிப் பிடிக்கும். மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாமல் எரியும். கடையில் வாங்கிய மார்க்கிங் ப்ளூவும் பெரும்பாலும் தீப்பற்றும் கரைப்பானில் செய்ததுதான், அதனால் இந்த எச்சரிக்கை இரண்டுக்கும் பொது. வெல்டிங்கோ பிரேசிங்கோ செய்யுமுன் பூச்சை முழுக்கத் துடைத்து உலரவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் மட்டும் துடைக்காதீர்கள். அதன் மிச்சம் வெல்டிங் வெப்பத்தில் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவைத் தரும்.

சட்டமும் ஸ்பிரிட்டைச் சும்மா விடவில்லை. தமிழ்நாட்டில் டீநேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், பிரெஞ்சு பாலிஷ் வார்னிஷ் ஆகிய மூன்றுக்குமாக 1959-ஆம் ஆண்டு விதிகளே தனியாக இருக்கின்றன. மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் அவை. வைத்திருப்பதும் விற்பதும் உரிமத்துக்கும் அளவுக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐந்து லிட்டர் கேன் வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைப்பவர், தீக்கு மட்டுமல்ல, வழக்குக்கும் இடம் கொடுக்கிறார். சென்னையில் வாங்கி ரயிலில் ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றாலும் முடியாது. தீப்பற்றும் பொருளை ரயிலில் எடுத்துச் சென்றால், 1989 ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

சரி, வாங்கியே விடுவோம் என்றால், எதை வாங்குகிறோம் என்று பார்க்கவேண்டும். டியூபில் வரும் பிரஷ்யன் ப்ளூ பசை சீக்கிரம் காயாது. இரண்டு பரப்புகள் எங்கே உரசுகின்றன என்று சோதிக்க அது நல்லது, கோடு போட உதவாது. ‘ப்ளூ’ என்று கேட்டு அதை வாங்கி வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. கோடு போடக் கேட்கவேண்டியது காய்ந்து படலமாகும் மார்க்கிங் இங்க்.

புட்டியைத் திருப்பிப் பாருங்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின்படி, தயாரித்தவர் அல்லது அடைத்தவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார் செய்யத் தொடர்பு விவரம் எல்லாம் இருக்கவேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் முகவரியும் எந்த நாட்டில் செய்தது என்பதும் வேண்டும். இவை இல்லாமல் விற்றால் தமிழ்நாட்டில் புகாரைத் தொழிலாளர் துறையிடம் கொடுக்கலாம். பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்கி, என்ன கரைப்பான், என்ன முதலுதவி என்பதைப் படித்துவையுங்கள்.

உண்மையில் என்னைக் கவலைப்பட வைப்பது வீட்டுக் கலவையும் அல்ல, கம்பெனிப் புட்டியும் அல்ல. இரண்டுக்கும் நடுவே இருக்கும் மூன்றாவது ரகம். பெரிய கேனிலிருந்து சின்னப் புட்டியில் ஊற்றி, மேலே ‘ப்ளூ’ என்று மட்டும் எழுதி, பில் இல்லாமல் கைமாறும் சரக்கு அது. காசும் போகிறது, வீட்டுக் கலவையின் ஆபத்து அத்தனையும் கூடவே வருகிறது. வீட்டில் கலந்தவருக்காவது உள்ளே என்ன போட்டோம் என்பது தெரியும்.

இங்கேதான் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கிறது. உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான பொருள் விற்பனையிலிருந்து பாதுகாப்புப் பெறுவதும், பொருளின் தரம், அளவு, தூய்மை பற்றித் தெரிந்துகொள்வதும் அதில் உங்கள் உரிமைகள். சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ போதிய அளவு தராத பொருளால் கெடுதல் நேர்ந்தால் தயாரிப்பாளர் பொறுப்பாளி ஆவார். தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத பொருளை விற்றிருந்தால், 86-ஆம் பிரிவின்படி கடைக்காரரைப் பொறுப்பாக்கலாம். பெயரில்லாப் புட்டி விற்பவர்கள் இதை அறிந்திருந்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆனால் அவர்தான் விற்றார் என்பதற்கு உங்கள் கையில் பில் வேண்டும்.

இந்தப் பாதுகாப்புக்கு எல்லையும் உண்டு. தவறாகப் பயன்படுத்திய, மாற்றியமைத்த பொருளுக்கு விற்றவரிடம் இழப்பீடு கேட்க முடியாது என்கிறது 87-ஆம் பிரிவு. வாங்கிய இங்க் கெட்டியாகிவிட்டதென்று கண்ட தின்னரையும் ஊற்றி இளக்கினால், அந்தப் புட்டிக்கு இனி நீங்களே தயாரிப்பாளர். முழுக்க வீட்டில் கலந்ததற்குச் சொல்லவே வேண்டாம்.

வழக்கு என்றதும் பயப்பட வேண்டியதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். இணையத்தில் வாங்கியிருந்தால், அந்த வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தரவேண்டும் என்பது 2020 விதி. தீரவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. மார்க்கிங் ப்ளூ அந்த விலைக்குப் போக வாய்ப்பில்லை. பொருளில் குறையா என்று ஆய்வகச் சோதனைக்கும் ஆணையம் அனுப்ப முடியும். அதற்காகவே மிச்சம் இருக்கும் திரவத்தை அதே புட்டியில், மூடியோடு, கொட்டாமல் வைத்திருங்கள்.

விபத்து நேர்ந்தால் சட்டம் பிறகு. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், புட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். டெல்லி எய்ம்ஸின் நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் வழிகாட்டும். உள்ளே இருப்பது என்ன என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால், பொழுதுபோக்குக்காரர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுக் கலவை, கடைப் புட்டி இரண்டுமே வேண்டாம். பட்டையான முனை உள்ள பெர்மனன்ட் மார்க்கர் சின்ன வேலைக்குத் தாராளமாகப் போதும். பெரிய பரப்பு என்றால் பெயரும் முகவரியும் உள்ள 100 மில்லி புட்டி ஒன்றைப் பில்லோடு வாங்குங்கள். வார்ப்புக்குச் சுண்ணக்கட்டி. உங்கள் ஷெட்டில் ஏற்கெனவே பெயர் எழுதாத நீலப் புட்டி ஏதாவது இருந்தால், உள்ளே இருப்பது தெரிந்தவரை அதன்மேல் இன்றைக்கே எழுதி ஒட்டிப் பூட்டிவையுங்கள். தெரியாவிட்டால் சாக்கடையிலும் கிணற்றடியிலும் ஊற்றாமல், வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படையுங்கள்.