கீறலுக்குக் கட்டுப்படும் ஓடு

தரையில் பதித்த பீங்கான் ஓட்டின் மேல் மூட்டை சுமந்த ஆள் நடந்தாலும் அது தாங்குகிறது. பதிக்காத ஓட்டில் மெல்லிய கீறல் ஒன்று போட்டு, கையால் அழுத்தினால் கோடு பிசகாமல் இரண்டாகிறது. 8 மில்லிமீட்டர் கனமுள்ள ஓட்டை ஒரு கீறல் எப்படிப் பிளக்கிறது?

பீங்கான் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கீறலுக்கு நேர் கீழே கம்பி ஒன்றை வைத்து இருபுறமும் அழுத்தும்போது ஓட்டின் அடிப்பக்கம் அமுங்குகிறது, மேற்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுவை கீறலின் நுனியில் வந்து குவிகிறது. எவ்வளவு குவியும் என்பதை இங்கிலிஸ் என்ற பொறியியல் அறிஞர் 1913இல் கணக்கிட்டார். கீறலின் ஆழத்தை நுனியின் ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். ஆழம் ஆரத்தைப் போல 100 மடங்கானால் விடை 21. மற்ற இடத்தைப் போல ஏறத்தாழ 21 மடங்கு தகைவு அங்கே! ஆகவே ஆழத்தைவிடக் கூர்மையே முக்கியம். கீறலைக் கீழ்ப்புறமாகத் திருப்பி வைத்து அழுத்தினால் அதன் வாய் மூடிக்கொள்ளும்; பயனில்லை.

கண்ணாடிக் கடைகளில் பயன்படும் சிறு சக்கரம் வைத்த வெட்டுங்கருவியே போதும். சக்கரம் டங்ஸ்டன் கார்பைடாக இருக்கவேண்டும். இரும்பு ஆணி உதவாது. கடினமான ஓட்டில் ஆணிதான் தேயும். பளபளப்பான பக்கத்தில் எஃகு அளவுகோலை வைத்து, ஓரம் முதல் ஓரம் வரை ஒரே இழுப்பில் கீறுங்கள். திரும்பத் திரும்பக் கீறினால் பக்கவாட்டில் விரிசல்கள் கிளம்பி விளிம்பு சிதறும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கைக்கு உறை, அருகில் பெரியவர் ஒருவர்: மூன்றும் வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைந்த பட்டையைக் கையால் ஒடிக்க முடியாது. நெம்புவதற்கு நீளம் போதாதே! அதைக் குறட்டால் சிறிது சிறிதாகக் கடித்தெடுக்க வேண்டும்.

சுழலும் இயந்திரத்தால் நொடியில் அறுக்கலாமே என்பீர்கள். நீர் விடாமல் அறுக்கையில் எழும் வெள்ளைப் புழுதியில் நுண்ணிய சிலிகா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிக்கும் தொழிலாளிக்குச் சிலிகோசிஸ் என்ற, குணப்படுத்த முடியாத நுரையீரல் நோய் வரலாம். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது போதுமான காப்பு அன்று. கீறி ஒடிப்பதில் புழுதி மிகக் குறைவு. ஆனால் கிரானைட், மொசைக் போன்றவற்றில் பலவகைத் துகள்கள் கலந்திருப்பதால் விரிசல் நேராக ஓடாது. அவற்றை நீர்விட்டு அறுக்கத்தான் வேண்டும்.

கதவு நிலைக்காக ஓட்டின் ஒரு மூலையைச் சதுரமாக வெட்டியெடுக்கும்போது, உள்மூலையிலிருந்து விரிசல் குறுக்கே பாய்ந்துவிடும். அனுபவமுள்ள கொத்தனார் முதலில் அந்த இடத்தில் வட்டத் துளை ஒன்று போடுவார். வட்டத்தில் ஆழமும் ஆரமும் சமம். கணக்கில் இட்டுப் பாருங்கள்: 3 மடங்குதான்.