உங்களுக்குத் தெரியுமா? மதுவிலக்குக்கென ஒரு பத்திரிகை

மதுவின் தீமையை ஜனங்களுக்கு எடுத்துரைப்பதற்கென்றே தமிழில் ஒரு மாதப் பத்திரிகை நடந்தது. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிய ராஜாஜி, கதருக்கும் தீண்டாமை ஒழிப்புக்கும் உழைத்தது போலவே, கூலி முழுவதையும் கள்ளுக்கடையில் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் ஏழைக் குடியானவனின் மனத்தையும் மாற்ற வேண்டுமென்று எண்ணி, 1929-இல் ‘விமோசனம்’ என்ற அந்தப் பத்திரிகையை ஆரம்பித்தபோது, அவருக்குத் துணையாக இருந்து அதன் பக்கங்களைக் கதைகளாலும் கட்டுரைகளாலும் நிரப்பியவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. வறண்ட உபதேசத்தைவிடக் கதையே கிராமத்தாரின் உள்ளத்தைத் தொடும். இன்று மதுவிலக்குப் பிரசாரம் செய்வோர் இதை அவசியம் கவனிக்க வேண்டும். ‘விமோசனம்’ பத்து இதழ்களே வெளிவந்தது; ஆனால் மதுவிலக்கு முயற்சி அத்துடன் நிற்கவில்லை. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியான பின், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. இதனால் கலால் வருமானத்தில் நேர்ந்த நஷ்டத்தை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி பிறந்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நெடுநாள் விடாமல் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால், கைநடுக்கம் மட்டுமின்றி வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகக்கூடுமாதலால், குடியை விட விரும்புகிறவரைத் தனியே விடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.