நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள்: பயனும் பொறுப்பும்

அலெக்சாண்டர் பிளெமிங் 1928-ஆம் ஆண்டில் பெனிசிலினைக் கண்டறிந்தது மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் 1954-இல் புணேயை அடுத்த பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் அமைக்கப்பட்டது. அதன்பின் இம்மருந்து நம் நாட்டிலேயே உற்பத்தியாயிற்று. இம்மருந்துகள் எவ்வாறு செயல்படுகின்றன, இவற்றை ஏன் அளவறிந்து பயன்படுத்த வேண்டும் என்பவற்றை இங்குக் காண்போம்.

செயல்படும் முறை

பாக்டீரியாவின் உயிரணுவைச் சுற்றி உறுதியான சுவர் உண்டு. மனித உயிரணுவுக்கு அத்தகைய சுவர் இல்லை. பெனிசிலின், அமாக்சிசிலின், செஃபலோஸ்போரின் வகைகள் இச்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கின்றன. எனவே கிருமி அழிகிறது. நம் உயிரணுக்களுக்குப் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. எனினும் சிலருக்கு ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.

வேறு சில மருந்துகள் கிருமியின் புரத உற்பத்தியைத் தடுக்கின்றன. காசநோய்க்குப் பயன்பட்ட ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் இவ்வகையின. இவை செவிப்புலனையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். டெட்ராசைக்ளின் வளரும் குழந்தைகளின் பற்களில் நிலையான கறையை உண்டாக்கும். எரித்ரோமைசினால் வயிற்றுக் கோளாறு நேரலாம். குளோராம்பெனிக்கால் அரிதாக எலும்பு மஜ்ஜையைச் செயலிழக்கச் செய்யும்.

சிப்ரோஃபிளாக்சசின், கிருமியின் மரபுப்பொருளான டி.என்.ஏ. படியெடுக்கப்படுவதைத் தடுக்கிறது, இதனால் தசைநாண்கள் பாதிக்கப்படுவதுண்டு. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ஆர்.என்.ஏ. உற்பத்தியை நிறுத்துகிறது. இது சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும், அது அஞ்சத்தக்கதன்று. ஆனால் கல்லீரலைக் கண்காணித்தல் அவசியம்.

டைபாய்டு தரும் பாடம்

1948 முதல் டைபாய்டுக்குக் குளோராம்பெனிக்கால் கைகண்ட மருந்தாக விளங்கியது. ஆனால் 1972-இல் கோழிக்கோட்டில் பரவிய டைபாய்டுக் கிருமி அம்மருந்துக்குக் கட்டுப்படவில்லை. அந்த எதிர்ப்புத் திறன் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்கு மாறக்கூடியது என்பதும் ஆய்வில் புலப்பட்டது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் ஆகியவற்றுக்கும் பணியாத கிருமிகள் பரவின. பின்னர் வந்த சிப்ரோஃபிளாக்சசினும் நாளடைவில் பயன் குன்றியது. இன்று செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் ஆகியவற்றையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.

இதன் காரணம் எளிது. மருந்து வலுக்குறைந்த கிருமிகளை அழிக்கிறது; தாக்குப்பிடிப்பவை எஞ்சிப் பெருகுகின்றன. தேவையற்ற ஒவ்வொரு வேளை மருந்தும் இத்தேர்வை விரைவுபடுத்துகிறது. குளோராம்பெனிக்காலின் பயன்பாடு குறைந்தபின், அதற்குக் கட்டுப்படும் டைபாய்டுக் கிருமிகள் பல இடங்களில் மீண்டும் காணப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

கூட்டுப் பொறுப்பு

பொருளாதார நோக்கில் மருந்தின் ஆற்றல் ஊர்ப் பொதுக்குளத்தை ஒத்தது. பயன் ஒருவருக்கு, இழப்போ அனைவருக்கும். மாத்திரையின் விலையில் இவ்விழப்பு சேர்வதில்லை. ஆகவே சந்தையிடம் மட்டும் இதனை விட்டுவிட இயலாது. அரசின் கட்டுப்பாடு தேவைப்படுகிறது.

2013-இல் அறிவிக்கப்பட்ட எச்-1 அட்டவணையின்படி, குறிப்பிட்ட மருந்துகளை விற்கும் கடைகள், மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2017-இல் தேசியச் செயல்திட்டம் வெளியிடப்பட்டது. இறுதிக்கட்ட மருந்துகளுள் ஒன்றான கோலிஸ்டினைக் கால்நடை, கோழி வளர்ப்பில் பயன்படுத்துவது 2019-இல் தடைசெய்யப்பட்டது.

சட்டம் மட்டும் போதாது. சளி, சாதாரணக் காய்ச்சல் பெரும்பாலும் வைரசால் வருபவை. அவற்றுக்கு இம்மருந்துகள் பயன்தரா. மருத்துவர் குறித்த அளவையும் காலத்தையும் பின்பற்றுதல், எஞ்சிய மாத்திரைகளைப் பிறருக்குத் தராதிருத்தல் ஆகியன ஒவ்வொருவரின் கடமை. தூய குடிநீரும் கழிவுநீர் வசதியும் தடுப்பூசியும் பெருகுமளவுக்கு மருந்தின் தேவையே குறையும். அவற்றிற்குச் செலவிடும் தொகை, நம்மிடம் எஞ்சியுள்ள மருந்துகளின் ஆயுளை நீட்டிக்கும் முதலீடுமாகும்.