பழைய இரும்புக் கடையில் பண்ணைப் பட்டறை

மேல்மலையனூர் வட்டாரத்தில் மார்கழிப் பட்டத்து நிலக்கடலை பூத்து விழுது இறங்கும் சமயத்தில் தண்ணீர் தவறக் கூடாது. அந்த நேரம் பார்த்துக் கிணற்று மோட்டாரில் ஒரு போல்ட் முறிந்தால், அந்தச் சின்ன வேலைக்காகச் செஞ்சிக்கோ திருவண்ணாமலைக்கோ அலைவதில் ஒரு நாள் கழியும். மெக்கானிக் வந்து சேர மேலும் இரண்டு நாள் ஆகலாம். ஒரு வைஸ், ஒரு துளையிடும் மெஷின், நாலைந்து ஸ்பானர் வீட்டில் இருந்தால் இந்த வேலையை விவசாயியே முடித்துவிடலாம். புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் பழைய இரும்புக் கடையை நாடலாம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் வைஸ். தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் சீராகப் பொருந்த வேண்டும். கைப்பிடி அரைச் சுற்றுக்கு மேல் வெறுமனே சுற்றினால் மரை தேய்ந்துவிட்டது என்று பொருள். புதுப் பெயிண்ட் மின்னினால் சந்தேகப்படுங்கள். அடியில் பற்றவைத்த விரிசல் இருக்கலாம். வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் நிலைக்காது. சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும்.

பட்டடைக் கல்லுக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு போதும் என்பார்கள். வேலைக்குப் போதும்தான். ஆனால் ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது எப்படிக் கைக்கு வந்தது என்று சொல்ல வேண்டிய பொறுப்பு வைத்திருப்பவருடையது. ரயில்வே தன் கழிவு இரும்பை ஏலத்தில் விற்கிறது. அப்படி ஏலத்தில் எடுத்த கடைக்காரரிடம் பில்லுடன் வாங்குங்கள். பில் தர மறுத்தால் கனமான வேறொரு இரும்புக் கட்டியே போதும்.

ஸ்பானர் குவியலில் அங்குல அளவுள்ளவற்றை யாரும் சீந்துவதில்லை, விலையும் மலிவு. பழைய ஆயில் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு அவைதான் தேவை. 9/16 அங்குலம் என்பது ஏறத்தாழ 14.3 மி.மீ. அந்த நட்டில் 14 மி.மீ. ஸ்பானர் நுழையாது, 15 மி.மீ. போட்டால் மூலை தேய்ந்து, பிறகு உளி வைத்துத்தான் கழற்ற வேண்டிவரும். வாய் விரிந்த ஸ்பானரைத் தள்ளிவிடுங்கள். ஒரு புது நட்டைப் பையில் கொண்டுபோனால் அங்கேயே சோதிக்கலாம்.

ஆயில் என்ஜினை வாங்கப் போகிறவர் முதலில் அதன் தலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், ஆள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், லைனர் செலவு காத்திருக்கிறது. கரும்புகை நிற்காவிட்டால் இன்ஜெக்டரையோ ஏர் ஃபில்டரையோ பார்க்க வேண்டும். இது சிறு செலவு, விலையைக் குறைக்கக் கேட்கலாம். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த என்ஜினை விட்டுவிடுங்கள்.

பழைய மோட்டாருக்கு மெக்கர் வைத்துப் பார்ப்பது அவசியம். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் வேண்டாம். வாங்கும் விலையுடன் ரீவைண்டிங், பேரிங் செலவையும் கூட்டிப் பாருங்கள். புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் புதியதே லாபம். பழைய பம்புசெட்டை மாற்றிப் புதியது வாங்கச் சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் அளித்து வந்திருக்கிறது; முன்பணம் கொடுக்கும் முன் அங்கே விசாரிப்பது நல்லது.

கிரைண்டர் மெஷினைப் பழையதாக வாங்கலாம், அதன் சாணைக்கல்லை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ள கல் ஓடும்போது சிதறி ஆளையே காயப்படுத்தும். இந்த மெஷின்களையும் வெல்டிங் செட்டையும் கிணற்று மோட்டாருக்கான இலவச மின் இணைப்பில் ஓட்டக் கூடாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி இரு மடங்கு கட்டணம் விதிப்பார்கள்.