நாக்குக்கு இனிப்பு, இரத்தத்தில் சீனி: இரண்டும் ஒன்றா?



மலாய்க்காரர்கள் லெம்பா என்று சொல்லும் ஒரு காட்டுச் செடி நம் நாட்டில் உண்டு. சிலர் லும்பா என்பார்கள். பார்த்தால் நாற்று மேடையில் நிற்கும் செம்பனைக் கன்று என்றே நினைக்கத் தோன்றும். இலை அதே மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். பூ மஞ்சள் நிறம். பூவும் காயும் மேலே தொங்காது, செடியின் அடியில் மண்ணை ஒட்டியே கிடக்கும். காட்டு நிழலில் வளரும் செடியாதலால், கோல சிலாங்கூர் கடலோரத் தோட்டங்களில் இருப்பவர்களைவிட கெர்லிங், களும்பாங் பக்கம் மலையடியில் இருப்பவர்களுக்குத்தான் இது அதிகம் பழக்கமாயிருக்கும். தமிழ்நாட்டு வைத்தியர்கள் சொல்லும் நிலப்பனைக்கு இது பங்காளி.

இந்தப் பழத்தைத் தின்றுவிட்டு எலுமிச்சம்பழத்தைக் கடித்தால் புளிக்காது, இனிக்கும்! பச்சைத் தண்ணீர் குடித்தால்கூட இனிக்கும். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஜப்பானில் யோக்கோஹாமா பல்கலைக்கழகத்து யோஷியே குரிஹாரா அம்மையாரின் குழுவினர் 1990-இல் இந்தப் பழத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்குக் குர்குலின் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு புரதம். புரதம் என்றால் முட்டையிலும் மீனிலும் பருப்பிலும் இருக்கிறதே, அதே இனம். முட்டை இனிக்கிறதா? இல்லை. ஆனால் இந்தப் புரதமோ எடைக்கு எடை சீனியைவிடச் சுமார் 500 மடங்கு இனிக்கிறது. இரண்டு துண்டுகள் ஜோடி சேர்ந்தால்தான் இதன் முழு வேலையும் நடக்கிறது என்று 2004-இல் கண்டுபிடித்தார்கள். அந்த ஜோடிக்கு நியோகுலின் என்று பெயர்.

சரி, புரதம் எப்படி இனிக்கும்?

காலையில் பெரட்டுக்கு மணி அடிக்கிறது. நாம் எழுந்து ஓடுகிறோம். மணியை அடித்தது மண்டோரா, அடுத்த லயத்துக் குறும்புப் பையனா என்று காதுக்குத் தெரியுமா? தெரியாது. நம் நாக்கிலும் இப்படி ஒரு மணி இருக்கிறது. அதை ஏற்பி என்பார்கள். டி1ஆர்2, டி1ஆர்3 என்ற இரண்டு பாகங்கள் சேர்ந்ததுதான் மனிதனின் இனிப்பு ஏற்பி. இரண்டு பாகங்களிலும் வாய் திறந்த கிளிஞ்சல் போன்ற ஒரு பை உண்டு. சீனி மிகச் சிறிய துகள். பைக்குள் நுழைந்ததும் கிளிஞ்சல் மூடிக்கொள்ளும், மணி அடிக்கும். மூளை ‘இனிப்பு’ என்று சொல்லும். மூளைக்குத் தெரிந்தது மணிச் சத்தம் மட்டுமே.

லெம்பாப் புரதம் சீனித் துகளைப்போல் 70 மடங்குக்கு மேல் கனமானது. பைக்குள் அதனால் நுழைய முடியாது. ஆகவே டி1ஆர்3 பாகத்தின் வெளிப்பக்கத்தில் அட்டைபோல் ஒட்டிக்கொள்கிறது. எச்சிலில் புளிப்பு இல்லாதபோது அதிகம் சேட்டை செய்யாமல் உட்கார்ந்திருக்கும். எலுமிச்சையோ புளியோ வந்து சேர்ந்தால் அதன் வடிவம் சற்று மாறுகிறது. உடனே மணியைப் பலமாக அடிக்கிறது. புளிப்பு எச்சிலில் கரைந்து போனதும் மறுபடி அமைதி. அடுத்த எலுமிச்சைத் துண்டு வந்தால் மறுபடி மணி! சுண்டெலிக்கு இந்த இனிப்பு தெரியாது, அதன் டி1ஆர்3 வேறு மாதிரி. லயத்துப் பூனையின் கதை இன்னும் மோசம். அதற்கு டி1ஆர்2 பாகமே வேலை செய்வதில்லை. லட்டு வைத்தாலும் அதற்கு இனிப்பு தெரியாது. பாலைக் குடிக்கிறதே என்றால், அது கொழுப்புக்காகவும் புரதத்துக்காகவும்.

இதற்கு நேர் எதிரான இலை ஒன்றை நம் பெரியவர்கள் அறிவார்கள். சிறுகுறிஞ்சான், சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். அதை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைத் தின்பதுபோல் இருக்கும். அதிலிருப்பது புரதம் அல்ல, ஒருவகை அமிலம். அது அதே டி1ஆர்3-இல் வேறோர் இடத்தில் போய் உட்கார்ந்து, மணியை அடிக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் கழித்து விட்டுவிடும்.

இங்கேதான் தோழர்கள் கவனிக்க வேண்டும். சிறுகுறிஞ்சானை மென்றவருக்குச் சீனி இனிக்கவில்லை. ஆனால் தின்ற சீனி இரத்தத்தில் ஏறாமல் இருந்ததா? ஏறத்தான் செய்தது. லெம்பா தின்றவருக்கு எலுமிச்சைத் தண்ணீர் தேனாய் இனித்தது. அவர் இரத்தத்தில் அந்த இனிப்புக்குச் சீனி ஏறியதா? இல்லை. நாக்கின் கணக்கு வேறு, இரத்தத்தின் கணக்கு வேறு. ‘சீனி கசக்குது, எனக்கு இனிப்பு நீர் போயிடுச்சு’ என்று மாத்திரையை நிறுத்தும் ஆளுக்கு ஆபத்து காத்திருக்கிறது. கால் புண் ஆறாமல் விரலை எடுக்க வேண்டி வரும், கண் மங்கும், சிறுநீரகம் கெடும். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம்.

செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்தில் லெம்பாச் சாற்றை இனிப்பு நீர் உள்ள எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் எலிக்குச் செய்த சோதனை மனிதனுக்கு மருந்துச் சீட்டு ஆகிவிடாது. யாராவது பொட்டலம் கட்டி விற்க வந்தால், கிளினிக்கில் கேட்காமல் வாங்காதீர்கள்.

அப்படியானால் காலை தேயில் லெம்பாவைப் போடலாமா என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். பலன் இராது. சூடு 50 டிகிரியைத் தாண்டினால் இந்தப் புரதம் கெட்டுப்போகும். மேற்கு ஆப்பிரிக்கப் பழம் ஒன்றிலிருந்து எடுக்கும் தௌமாட்டின் என்ற இன்னொரு இனிப்புப் புரதம் சூட்டைத் தாங்கும். அதை உணவுத் தொழிற்சாலைகளில் சேர்க்கிறார்கள். நம் அடுப்படிக்கு அது வந்து சேருவது வேறு விஷயம்.

கையில் இருப்பது டின் பால். அதன் எடையில் பாதிக்கு மேல் சீனிதான். ஒரு குவளையில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் 20 கிராமுக்கு மேல் சீனி உள்ளே போகிறது. நாளுக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, முடிந்தால் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்று 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று மூன்று குவளை குடித்தால் என்ன ஆகும், நீங்களே கூட்டிப் பாருங்கள். திடீரென்று நிறுத்தச் சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும்.

கடைசியாகப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் லெம்பா தேடிப் புறப்படுவார்கள். தோட்டத்து வரப்பிலும் சாலையோரத்திலும் களைக்கொல்லி மருந்து அடிக்கிறோம். மண்ணை ஒட்டிக் கிடக்கும் பழத்தில்தான் அது முதலில் விழும். அங்கே எது பழுத்திருந்தாலும் தொடவிடாதீர்கள். பெரியவர்களுக்குத் தெரியாத காட்டுப் பழம் எதையும் வாயில் வைக்கவும் விடாதீர்கள்.