இயந்திர நாடி – 14: நிற்கும் வேளையில் ஒரு தவிப்பு

சென்ற வாரம் குளிர்ந்த காலையில் உயிர்பெற மறுக்கும் என்ஜினைப் பற்றி எழுதினேன். இவ்வாரம், ஓடும்போது உத்தமமாக ஓடி, நிற்கும்போது மட்டும் நிலைகொள்ளாமல் தவிக்கும் என்ஜின்.

சிக்னலை நெருங்கி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கிளட்சை அமுக்கி, பிரேக்கை மிதித்தவுடன், நிமிஷத்துக்கு 800 சுற்றில் சாந்தமாக அடங்க வேண்டிய என் பழைய பெட்ரோல் கார், 1,500 வரை உறுமி எழுந்து, அணைந்தே போய்விடுமோ என்று நெஞ்சு பதைக்கும்படி தாழ்ந்து, மறுபடியும் எழுந்து, முன்னால் நின்ற ஸ்கூட்டரில் குழந்தையோடு அமர்ந்திருந்த தாய் கலவரத்தோடு திரும்பிப் பார்க்கும்படி செய்தது. ஒரு பட்டறையில் ஐடில் வால்வை மாற்றினார்கள். பிறகு திராட்டில் சென்சாரையும் மாற்றினார்கள். பணம் போயிற்று, ஏற்ற இறக்கம் போகவில்லை.

இந்த ஊசலாட்டத்திற்கு நீண்ட வம்சாவளி உண்டு. 1788இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி என்ஜினில் பொருத்திய சுழலும் குண்டுகள், வேகம் மிகுந்தால் ஆவியைக் குறைத்தும், குன்றினால் கூட்டியும் அதை ஒரு நிலையில் வைக்க முயன்றன. ஆயினும் திருத்தம் சற்றே பிந்தினாலும் அளவை மீறினாலும், திருத்தவந்த கருவியே வேகத்தை மறுபக்கம் தள்ளிவிடும் அபாயம் அதில் இருந்தது. அதன் கணித ரகசியத்தை இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1868இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். இன்று அந்தக் குண்டுகளின் ஸ்தானத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது. திராட்டில் மூடியிருக்கையில் என்ஜின் வேகமாகச் சுழன்றால், வண்டி தானாக உருண்டு வருகிறது என்று அனுமானித்துப் பெட்ரோலை அடியோடு நிறுத்துவது பல கார்களின் வழக்கம். எங்கிருந்தோ கள்ளத்தனமாக நுழையும் காற்று சுற்றை ஏற்றினால், கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்துகிறது. சுற்று விழுந்ததும் மறுபடி ஊட்டுகிறது. கள்ளக் காற்று மீண்டும் ஏற்றுகிறது. ஆகவே தேட வேண்டியது அந்தக் காற்று வரும் வழியை.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் முதிய மேஸ்திரி, பானெட்டைத் திறக்குமுன் ஒரே கேள்வி கேட்டார்: “வண்டி நிக்கும்போதா சார், இல்லே பிரேக்கை மிதிக்கும்போதா?” அவ்விரண்டையும் நான் ஒன்றென்றே எண்ணியிருந்தேன். நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக் காலை எடுத்தபோது என்ஜின் 800இல் அசையாமல் நின்றது. மிதித்ததும் தொடங்கியது ஆட்டம். பெடலருகே குனிந்து கேட்டால், மிதித்திருக்கும் நேரமெல்லாம் மெல்லிய ‘உஸ்’.

பெடலுக்குப் பின்னே, மிதிக்கு வலுவூட்டும் பிரேக் பூஸ்டர் என்னும் வட்டமான தகரப் பானையை ஒரு ரப்பர் சவ்வு இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. காலை எடுத்திருக்கும்போது இரண்டு அறைகளிலும் என்ஜின் உறிஞ்சும் வெற்றிடமே இருப்பதால், சவ்வு கிழிந்திருந்தாலும் தெரியாது. மிதித்தவுடன் பின்னறைக்குள் வெளிக்காற்று புகுந்து சவ்வைத் தள்ள வேண்டியிருக்க, கிழிசலின் வழியே அக்காற்று முன்னறைக்கும், அங்கிருந்து ஓஸ் வழியாக என்ஜினுக்கும் ஓடிவிடுகிறது. நெடுஞ்சாலையில் நோய் மறைந்து, சிக்னலில் மட்டும் வெளிப்பட்டதன் காரணம் இதுவே.

மேஸ்திரி, துணி சுற்றிய பிளையரால் அந்த ஓஸைக் கவ்வினார். என்ஜின் அக்கணமே அடங்கியது. இரண்டு மிதியில் பெடல் என் காலடியில் கல்லாயிற்று. “என்ஜின் நல்லாத்தான் இருக்கு சார், பிரேக்தான் போயிட்டிருக்கு” என்று அவர் சொன்னபோது, மனைவியையும் பேரனையும் அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போன பயணங்கள் எல்லாம் ஒருசேர நினைவுக்கு வந்து உடல் நடுங்கிற்று.

பிரேக்கைத் தொடாமலேயே ஏறி இறங்கும் வண்டிகளுக்கு இந்தச் சோதனை பயன்படாது. அங்கே மானிஃபோல்டு கேஸ்கெட்டையும், வெடித்துப்போன சிறு ஓஸ்களையும், திராட்டில் தகட்டில் படிந்த கரியையும் பார்க்க வேண்டும்.

புதிய பூஸ்டரைப் பொருத்திய பின், மேஸ்திரி பழையதன் விளிம்பை உளியால் நெம்பித் திறந்து, சவ்வைப் பகல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார்: மடிப்பின் ஓரத்தில், நகக்கண் அகலங்கூட இல்லாத ஒரு கிழிசலின் வழியே எதிர்வீட்டு வெள்ளைச் சுவர் தெரிந்தது.