உங்களுக்குத் தெரியுமா? தெப்பக்குளம் ஒரு சுற்று

வில்லாபுரத்துக்காரர்களுக்கு மாரியம்மன் தெப்பக்குளம் தூரமில்லை. திருமலை நாயக்கர் காலத்துக் குளம். சுமார் 305 மீட்டருக்கு 290 மீட்டர். கரையோரம் ஒரு சுற்று வந்தாலே ஏறக்குறைய 1.2 கி.மீ. நடந்தாயிற்று. புதிதாக நடக்கத் தொடங்குவோருக்கு முதல் மாதத்துக்கு அதுவே தாராளம்! 2023-இல் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் 8 கி.மீ. பாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். அவ்வளவு சுலபமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துப் பார்த்ததில் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது. தண்ணீர் குடிக்கும் பழக்கம் சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. இடையில் ஒருநாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் காலை நடை தவறினால், முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை.